விளக்குக்கு யார் நெய் ஊற்றுவது?

திருச்சானூரின் புது அடுக்குமாடிகளில் வீடு வாங்கிக் குடிவந்தவர்கள், குறிப்பாகத் தமிழ் பேசும் குடும்பத்தார், அடிக்கடி கேட்கிற கேள்வி இது: “மாசம் ஒருதரம் எல்லாரும் சேர்ந்து உட்காரலாம்னு ஆரம்பிச்சோம் சார். முதல் தடவை ஹால் நிறைஞ்சுது. நாலாம் மாசம் மூணு பேர். எல்லாரும் நல்லவங்கதான். அப்புறம் ஏன் நிக்கலை?”

டீயை முதலில் குடியுங்கள். இதற்கான பதில் இந்த ஊர்க் கல்வெட்டுகளிலேயே இருக்கிறது.

திருமலை, திருப்பதி, திருச்சானூர் வட்டாரத்தின் பழைய கல்வெட்டுகள் பெரும்பாலும் தமிழில்தான் உள்ளன. தேவஸ்தானம் 1930களிலிருந்து அவற்றைத் தொகுதிகளாக அச்சிட்டது. பல்லவர் காலத்தில் திருச்சானூருக்குத் திருச்சுகனூர் என்று பெயர். இங்கே ஒரு சபை இருந்தது. மலைமேல் அப்போது போக்குவரத்து குறைவு. புலியும் காடும் தாண்டி தினம் யார் ஏறுவது? ஆகவே மலையிலிருக்கும் பெருமாளுக்கு ஏதாவது செய்ய நினைத்தவர்களுக்கு, அடிவாரத்தில் நம்பிக் கொடுக்க ஒரு கை தேவைப்பட்டது. திருச்சுகனூர் சபையார் அந்தக் கையாக இருந்தார்கள். சாமவை என்ற அரசகுலப் பெண் திருமலைக் கோயிலுக்கு வெள்ளித் திருமேனி ஒன்று செய்து கொடுத்து, வழிபாட்டுக்கு நிலமும் விட்டார். அந்தக் கல்வெட்டிலும் இந்தச் சபையார் வருகிறார்கள். போக ஸ்ரீநிவாசர் என்ற அந்தத் திருமேனி இன்றும் வழிபாட்டில் இருக்கிறது.

சபை என்றதும் நாம் பேச்சையும் தீர்மானத்தையும் நினைத்துக்கொள்கிறோம். அந்தச் சபைகளை வருஷக்கணக்கில் ஒட்டவைத்தது பேச்சு இல்லை, வேலை. அதுவும் சலிப்பான வேலை. ஒருவர் பொன் கொண்டுவந்து கொடுப்பார். முதலைத் தொடக்கூடாது, அதன் பொலிசையில், அதாவது வட்டியில், கோயிலில் தினமும் ஒரு விளக்கு எரிய வேண்டும். “சந்திரன் சூரியன் உள்ளவரை” என்று கல்லில் எழுதிவிடுவார்கள். கொடுத்தவர் ஊர் போய்விடுவார், பிறகு இறந்தும் போய்விடுவார். நெய் மட்டும் நாளைக்கும் வேண்டும், மறுநாளும் வேண்டும்.

சோழநாட்டில் இதே காரியத்துக்குப் பொன்னுக்குப் பதில் ஆடும் கொடுப்பார்கள். அணையாமல் எரியும் ஒரு நந்தாவிளக்குக்கு 90 அல்லது 96 ஆடு என்பது வழக்கமான கணக்கு. மந்தையை ஏற்றுக்கொண்ட இடையர் பெரும்பாலும் நாளுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். ஆடு சாகாமலா இருக்கும்? சாகும், கிழமாகும். குட்டிகளை வைத்து எண்ணிக்கையை நிரப்புவது இடையரின் பொறுப்பு. எந்த ஆடு என்பதை யாரும் கேட்கப் போவதில்லை, 96 இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஆள் மாறினாலும் எண்ணிக்கை குறையாத ஏற்பாட்டை முதல் நாளிலேயே எழுதி வைத்துவிட்டார்கள். நம் சங்கங்கள் பலவற்றில் செயலாளர் மாற்றலாகிப் போனதும் சங்கமும் அவரோடு போய்விடுகிறது.

ஏற்பாடு சரியாக இருந்தாலும் தவறு நடக்கும். ராஜேந்திர சோழன் காலத்தில், 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஓர் அரசாங்க அதிகாரி இந்தப் பக்கம் வந்து கோயில் தர்மங்களை விசாரித்தார். பக்கத்துத் திருமுண்டியம் சபையார் பொன் வாங்கிக்கொண்டு 24 விளக்கு எரிப்பதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள், அதில் ஒன்று கற்பூர விளக்கு. எரிந்துகொண்டிருந்தவை இரண்டு. பொறுப்பு அந்தச் சபையின் கையிலிருந்து கோயிலின் கைக்குப் போயிற்று.

24 எப்படி இரண்டாகிறது? ஒரே ராத்திரியில் 22 விளக்கை யாரும் அணைத்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். ஒருநாள் ஒன்று எரியாமல் போயிருக்கும். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பொன்னை வைத்திருந்தவர்களும் அவர்களே, விளக்கை எண்ண வேண்டியவர்களும் அவர்களே. கையில் முதல் பத்திரமாக இருக்கும்போது, தினசரி வேலை சற்றுத் தள்ளிப்போனால் பெரிய தப்பாகத் தோன்றாது. உங்கள் மாதக் கூட்டமும் இதே வழியில்தான் கரைந்திருக்கும். ஒருவர் வரவில்லை, வராததால் எதுவும் கெடவில்லை, அடுத்த மாதம் இன்னும் இருவர்.

பொதுச் சொத்தை ஊரார் எப்படிக் காக்கிறார்கள் என்று ஆராய்ந்து 2009இல் நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரமும் கண்காணிப்பு என்ற இந்த இடத்துக்குத்தான் வந்தார். நீண்ட நாள் நிலைத்த ஏற்பாடுகளில் கண்காணிப்பவர் ஊராருக்குப் பதில் சொல்கிறவராக, பல சமயம் ஊராரில் ஒருவராகவே இருக்கிறார். முதல் தவறுக்குச் சின்னத் தண்டனை, திரும்பச் செய்தால் கொஞ்சம் பெரியது. உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும், வாரியத்துக்கு, அதாவது சபையின் குழுக்களுக்கு, ஆள் எடுக்கும் விதிகளைக் கல்லில் வெட்டியபோது அந்த ஊர்ச் சபையாருக்கும் இது தெரிந்திருந்தது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் குடவோலை என்ற சீட்டெடுப்புக்கு நிற்க முடியாது. அவனுடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. பதவி 360 நாள். அண்மையில் இருந்தவர் மூன்று வருஷம் ஒதுங்கி இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் பெருமிதப்பட்டுக் கோப்பையை உயர்த்துகிறவர்கள் உண்டு. கொஞ்சம் பொறுங்கள். அதே விதிகள் நிலமும் சொந்த வீடும் வேதப்படிப்பும் உள்ள ஆண்களைத்தான் உள்ளே விட்டன. நெய் அளந்த இடையர் சபையில் உட்காரவில்லை. சாமவை நிலம் கொடுக்கலாம், வாரியத்துக்கு நிற்க முடியாது. யாரை வெளியே நிறுத்தினோம் என்பதும் அந்தக் கல்வெட்டுகளிலேயே எழுதியிருக்கிறது.

வெளியே நின்றவர்கள் உள்ளே வந்த கதை நம் காலத்தில், பக்கத்து நெல்லூர் மாவட்டத்தில் நடந்தது. 1990களின் தொடக்கத்தில் துபகுண்டா என்ற கிராமத்துப் பெண்கள் சாராயக் கடையை மூடவைத்தார்கள். மாவட்டம் முழுக்க அது பரவி, 1993 அக்டோபரில் ஆந்திர அரசு சாராயத்தைத் தடை செய்தது. போராட்டம் ஜெயித்தால் கூட்டம் கலையும், அதுதான் இயல்பு. இந்தப் பெண்கள் கலையவில்லை. நாளுக்கு ஒரு ரூபாய் சேமிக்கும் பொதுப்பு லட்சுமிக் குழுக்களாக மாறினார்கள். கோபத்தால் சேர்ந்தவர்களை ஒரு ரூபாய் சேர்த்தே வைத்திருந்தது. இன்று திருச்சானூரில் எந்தத் தெருவில் கேட்டாலும் “டுவாக்ரா மீட்டிங்” என்றால் பெண்களின் சேமிப்புக் குழுக் கூட்டம் என்று தெரியும். தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, தங்களுக்குள் கடன், காலத்தில் திருப்புதல், ஒழுங்கான கணக்குப் புத்தகம்: இந்த ஐந்தைப் பஞ்சசூத்திரம் என்று குழுப் பெண்கள் ஒப்பிப்பார்கள். ஐந்திலும் ‘ஒற்றுமை’ இல்லை என்பதைக் கவனியுங்கள். அதை யாரும் விதியாக எழுத முடியாது. அது பின்னால் வந்து சேரும்.

அங்கும் 24 விளக்குக் கதை ஒன்று உண்டு. குழுக்கள் நன்றாக நடப்பதைப் பார்த்து வெளியிலிருந்து நுண்கடன் கம்பெனிகள் வந்தன. ஒரே பெண்ணுக்கு மூன்று, நான்கு கடன். வாராவாரம் வசூலுக்கு ஆள். ஒருவரையொருவர் தாங்கிய குழுவே ஒருவரையொருவர் நெருக்கும் கருவியாயிற்று. தற்கொலைச் செய்திகள் வந்தபின் 2010 அக்டோபரில் அரசு அவசரச் சட்டம் போட்டது. குழுவின் வேலையைவிடக் குழுவின் பணம் பெரிதாகிவிட்டால் கூட்டம் யாருடையதாகவோ ஆகிவிடுகிறது.

சரி, உங்கள் ஹாலுக்கு வருவோம். பழகுவதற்காக என்று கூடாதீர்கள். செய்யாவிட்டால் யாராவது ஒருவர் கேட்கிற வேலையாக ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். திருச்சானூர்க் கோயிலின் கார்த்திகைப் பிரம்மோற்சவத்தில் பஞ்சமி தீர்த்தத்தன்று பத்ம சரோவரக் குளத்துக்கு வரும் கூட்டத்துக்குத் தண்ணீர் கொடுப்பது நல்ல காரியம்தான், ஆனால் வருஷத்துக்கு ஒருநாள் போதாது. தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு வாராவாரம் மருந்து வாங்கித் தருவது, மார்கழி முழுக்கத் திருப்பாவைக்கு வாசலைத் திறந்து வைப்பது, பிள்ளைகளுக்கு ஞாயிறு தமிழெழுத்து என்று எதுவானாலும் சரி, சின்னதாகவும் அடிக்கடியும் இருக்கட்டும். சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும். வருஷம் திரும்பினால் ஆள் மாறட்டும். நன்கொடை குவிந்தால் வங்கியில் போட்டுப் பெருக்காதீர்கள், அந்த வருஷமே செலவழியுங்கள்.

எதிர் வீட்டுத் தெலுங்குக்காரரையும் கூப்பிடுங்கள். அந்த மாத்திரை வாங்கித் தரும் வேலைக்கு மொழி எதற்கு? கணக்கை மட்டும் மாதாமாதம் இரண்டு மொழியிலும் உரக்கப் படித்துவிடுங்கள். பாதிப் பேருக்குப் புரியாத கணக்கை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.