வானத்தில் இரட்டை வேஷம்!

சினிமாவில் ஒரே நடிகர் இரட்டை வேஷம் போட்டு எதிரெதிரே நின்று பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். வானத்திலும் அப்படி ஒரு வேடிக்கை நடக்கிறது. அதுவும் நமக்குத் தெரிந்த சப்தரிஷி மண்டலத்துப் பக்கமேதான். ஆனால் வெறுங் கண்ணுக்கு அகப்படாது.

இங்கிலாந்தில் ஜோட்ரல் பாங்க் என்ற இடத்திலுள்ள ரேடியோ டெலஸ்கோப் ஒன்று, வானத்தில் எங்கெங்கிருந்து ரேடியோ அலைகள் வருகின்றன என்று 1970-களில் துழாவிப் பார்த்தது. அதற்குக் காது உண்டே தவிர, கண் இல்லை. குரல் கேட்ட திசையில் நிற்பது யாரென்று பார்க்கச் சாதாரண டெலஸ்கோப்தான் வேண்டும். அதற்காக டென்னிஸ் வால்ஷும் ராபர்ட் கார்ஸ்வெலும் அமெரிக்காவில் அரிஸோனாவிலுள்ள கிட் பீக் மலைக்குப் போனார்கள்.

1979 மார்ச் 29-ம் தேதி இரவு. நீல நிறத்தில் இரண்டு புள்ளிகள்! நடுவிலிருந்த இடைவெளி, முழு நிலவின் அகலத்தில் 300-ல் ஒரு பங்குதான். முதற் புள்ளியின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தார்கள். அது ஒரு குவேஸார். அதாவது ராட்சசக் கருந்துளையைச் சுற்றிக் கொதிக்கும் வாயு வீசுகிற ஒளி. இரண்டாவதையும் பிரித்தார்கள். அச்சாக அதே! இரட்டைப் பிள்ளைகளுக்குக்கூட மச்சம் இடம் மாறியிருக்கும். இங்கே அதுவும் இல்லை.

அடி தடித்த கண்ணாடி டம்ளர் வழியாகக் குத்துவிளக்கைப் பாருங்கள். ஒரு சுடர் இரண்டு மூன்றாகத் தெரியும். வானத்தில் டம்ளருக்குப் பதிலாக, வழியில் நிற்கும் ஒரு பெரிய பொருளின் ஈர்ப்புச் சக்தி ஒளியை வளைக்கிறது. ஒரு நட்சத்திரம் இப்படிச் செய்யக் கூடும் என்று 1936-ல் எழுதிய ஐன்ஸ்டீனே, அதை நேரில் பார்க்க வழியில்லை என்றும் சொல்லிவிட்டார். ‘ஒற்றை நட்சத்திரம் எதற்கு? கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் சேர்ந்த கூட்டம் இருக்கிறதே!’ என்பது மறு வருஷம் ஸ்விக்கி என்ற விஞ்ஞானி சொன்ன யோசனை.

விஷயம் இத்துடன் முடியவில்லை. நியூ மெக்ஸிகோவிலுள்ள ரேடியோ டெலஸ்கோப்புகள் பார்த்தபோது, ஒன்றுக்கு மட்டும் நீண்ட வால் தெரிந்தது. அக்காவுக்குப் பின்னல் இருக்கிறது, தங்கைக்கு இல்லை! அப்படியானால் இவை வேறு வேறுதானோ?

நல்ல வேளையாக, தங்கையை ஒட்டினாற்போல் மங்கலான நட்சத்திரக் கூட்டம் ஒன்று அகப்பட்டது. அதுதான் ‘டம்ளர்’. வால் சற்றுத் தள்ளி நீண்டிருப்பதால், அதன் ஒளி இரண்டாகப் பிரியவில்லை.

ஒளி வந்த இரண்டு வழிகளும் ஒரே அளவல்ல. ஆகவே, அக்கா மங்கினால் தங்கை பிறகுதான் மங்க வேண்டும். எத்தனை நாள் கழித்து? அது தெரிந்தால் பிரபஞ்சம் விரியும் வேகத்தைக் கணக்கிடலாம். ஒரு கட்சி சுமார் 415 நாள் என்றது. மறு கட்சி 540-ஐ ஒட்டி என்றது. வருஷக் கணக்கில் வழக்கு!

1994 டிசம்பரில் அக்கா சட்டென்று மங்கினாள். முதற் கட்சி சொன்னது சரியானால் 1996 பிப்ரவரி. இல்லையேல் இன்னும் சில மாதம் பொறுக்க வேண்டும். எல்லாரும் காத்திருந்தார்கள். பிப்ரவரியிலேயே தங்கையும் மங்கிவிட்டாள்! சுமார் 900 கோடி வருஷம் நடந்து வந்த ஒளியில் தாமதம் 417 நாள்.