வரிக்கழிவும் வீட்டுக் குளிர்ச்சியும்

வரிச்சலுகை என்னும் ஒரு சொல்லைக் கொண்டு நம் நாளேடுகள் வெவ்வேறான பொருள்கள் பலவற்றைக் குறித்து வருகின்றன. வரவு செலவுத் திட்டம் வெளியாகும் காலத்தில் இதனால் விளையும் குழப்பம் சிறிதன்று. ஆதலின், வீட்டைக் குறைந்த மின்சாரத்தில் குளிர்விப்பதற்கு அரசுகள் நல்கும் உதவியைப் பற்றிப் பேசப் புகுமுன், சொற்களை வகைப்படுத்திக் கொள்வது நலம்.

ஒருவர் செய்த செலவை அவரது வருமானத்தினின்று கழித்து, எஞ்சியதற்கு மட்டும் வரி விதிப்பது ஒரு முறை. இதனை வருமானக் கழிப்பு எனலாம். வரியைக் கணக்கிட்டு முடித்தபின் அவ்வரித் தொகையிலிருந்தே ஒரு பங்கைக் குறைப்பது மற்றொரு முறை. இதுவே வரிக்கழிவு. நம் நாட்டில் வரிக்குரிய வருமானம் 35,000 வெள்ளியைத் தாண்டாதவருக்கு 400 வெள்ளி குறைக்கப்படுவது இவ்வகையைச் சார்ந்தது. மூன்றாவது, வரியோடு தொடர்பே இல்லாமல் கடையில் பொருளின் விலையைக் குறைத்துக் கொடுப்பது. இது விலைக்கழிவு. மூன்றும் அரசின் பணமே. ஆயினும் அப்பணம் யார் கைக்குச் செல்கிறது என்பதில் மூன்றும் பெரிதும் வேறுபடுகின்றன.

வீட்டின் வெப்பதட்பத்துக்கென வரிக்கழிவு அளித்த நாடுகளுள் அமெரிக்கா முன்னணியில் நின்றது. எண்ணெய் நெருக்கடியின் விளைவாக 1978 ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற எரியாற்றல் வரிச்சட்டம், வீட்டில் வெப்பத்தடுப்புப் போடும் செலவின் முதல் 2,000 டாலரில் 15 விழுக்காட்டை, அதாவது மிகுதியாக 300 டாலரை, வரியில் கழித்துக் கொள்ள இடமளித்தது. 1985 இறுதியில் அது முடிந்தது. பிறகு 2005 இல் வேறோர் உருவில் மீண்டு வந்தது. 2022 ஆம் ஆண்டுச் சட்டம் அதனை விரிவாக்கி, செலவில் 30 விழுக்காடு எனவும், கூரை, சுவர், சன்னல் முதலியவற்றுக்கு ஆண்டுக்கு 1,200 டாலர் வரை எனவும், வெப்ப ஏற்றிக்கு 2,000 டாலர் வரை எனவும் வரையறுத்தது. வெப்ப ஏற்றி என்பது வேறொன்றுமன்று. நம் வீட்டுக் குளிர்சாதனம் அறையின் வெப்பத்தை வெளியே தள்ளுவது போல, குளிர்காலத்தில் வெளிவெப்பத்தை உள்ளே தள்ளவும் வல்ல அதே பொறிதான். 2025 ஆம் ஆண்டு ஜூலையில் நிறைவேறிய சட்டத்தால், அவ்வாண்டு டிசம்பர் 31 ஆம் நாளோடு இக்கழிவு முடிவுற்றது.

இம்முறையில் ஒரு குறை தொடக்கம் முதலே உண்டு. கழிப்பதற்கு வரி இருந்தாலன்றோ வரிக்கழிவு பயன்படும்? வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவர் கூரைக்கு எவ்வளவு செலவிட்டாலும் ஒரு டாலரும் பெற இயலவில்லை. பயன்படாது எஞ்சிய கழிவை அடுத்த ஆண்டுக்குக் கொண்டு செல்லவும் அச்சட்டம் இடம் தரவில்லை.

மலேசியா இவ்வழியில் செல்லவில்லை. பசுமைத் தொழில்நுட்ப முதலீட்டுக்கான வரிச்சலுகை இங்கு நிறுவனங்களுக்கே உரியது. குடும்பத்தாருக்கோ, 2011 இல் தொடங்கிய ‘சேவ்’ திட்டத்தின் வழி விலைக்கழிவு அளிக்கப்பட்டது. அப்போது ஐந்து நட்சத்திரக் குளிர்பதனப் பெட்டிக்கு 200 வெள்ளியும், குளிர்சாதனத்துக்கு 100 வெள்ளியும் குறைக்கப்பட்டன. 2021 இல் இவ்விரண்டிலொன்றுக்கு 200 வெள்ளி. 2024 இல் 400 வெள்ளி வரை. ஒதுக்கிய தொகை தீரும்வரைதான் இவை கிடைக்கும் என்பதால், செய்தியை முதலில் அறிந்தவரே முதலில் பெற்றனர்.

ஓர் ஒப்புமை காண்போம். மின்காருக்கு வீட்டில் மின்னூட்டி பொருத்தும் செலவில் 2,500 வெள்ளி வரை வருமானக் கழிப்பாகப் பெறலாம் என்பது 2022 ஆம் வரியாண்டு முதல் நம் நாட்டில் உள்ள விதி. ஆறு விழுக்காட்டு வரிப்படியில் இருப்பவருக்கு இதனால் மிஞ்சுவது 150 வெள்ளி. இருபத்தைந்து விழுக்காட்டுப் படியில் இருப்பவருக்கோ 625 வெள்ளி. வரியே கட்டாத தொழிற்சாலைத் தொழிலாளிக்கு ஒன்றுமில்லை. கடையில் குறைக்கப்படும் 400 வெள்ளியோ மூவருக்கும் ஒன்றே. இந்த அளவில் ‘சேவ்’ முறையே நேரியது என்பது என் கருத்து. எனினும் மீதி விலையைக் கையிலிருந்து கட்ட வேண்டும் என்பதை மறத்தற்கில்லை. வாடகை வீட்டில் இருப்பவரின் நிலை இன்னும் சிக்கலானது. வீடு ஒருவருடையது, மின்கட்டணம் கட்டுபவர் வேறொருவர் என்றால், நல்ல பொறி வாங்கும் அக்கறை இருவருள் எவருக்கும் எளிதில் பிறப்பதில்லை.

நிற்க, நட்சத்திரத்தின் மதிப்பு யாது? சந்தையில் ஒரு குதிரைத்திறன் என விற்கப்படும் குளிர்சாதனம், ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 2.6 யூனிட்டுக்கு ஈடான வெப்பத்தை அறையினின்று அகற்றவல்லது. பழைய பொறி இதில் மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தை உண்பதாகவும், புதிய ஐந்து நட்சத்திரப் பொறி ஐந்தில் ஒரு பங்கை உண்பதாகவும் கொள்வோம். நாளுக்கு எட்டு மணி நேரம் முழு ஆற்றலுடன் ஓடினால், மாதத்தில் பழையது சுமார் 208 யூனிட்டும் புதியது சுமார் 125 யூனிட்டும் செலவிடும். மிச்சம் 83 யூனிட்டு. இஃது உத்தேசக் கணக்கே. பொறி எப்போதும் முழு ஆற்றலுடன் ஓடுவதில்லை.

இந்த 83 யூனிட்டுக்குள் ஒரு வரிக் கணக்கும் மறைந்து கிடக்கிறது. வீட்டு மின்நுகர்வில் மாதத்துக்கு 600 யூனிட்டுக்கு மேற்பட்ட பகுதிக்கு 2024 மார்ச் முதல் 8 விழுக்காடு சேவை வரி உண்டு. 2025 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய கட்டண முறையில், 600 யூனிட்டுக்கு உட்பட்டோர்க்கு 10 வெள்ளிச் சில்லறைக் கட்டணமும் இல்லை. மேலும், 1,000 யூனிட்டு வரை நுகர்வோர்க்குச் சிக்கன ஊக்கத்தொகை ஒன்று உண்டு. நுகர்வு குறையக் குறைய யூனிட்டு ஒன்றுக்குரிய தொகை கூடுகிறது. ஆகவே 660 யூனிட்டில் நின்ற குடும்பம் 577 க்கு இறங்குமானால், குறைந்த மின்சாரத்தின் விலையோடு சேவை வரியும் பத்து வெள்ளியும் மிஞ்சுகின்றன. ஊக்கத்தொகை விகிதமும் உயர்கிறது. வரிக்கழிவு என்ற பெயர் இல்லை. ஆயினும் மாதந்தோறும் வருகின்ற கழிவு இது. ‘சேவ்’ போல ஒருமுறை வந்து மறைவதன்று.

இத்தனையும் பொறியைப் பற்றிய பேச்சு. வெப்பம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பாரைக் காணோம். பட்டர்வொர்த்துக்கும் புக்கிட் மெர்த்தாஜாமுக்கும் இடையே அமைந்த புக்கிட் தெங்காவை எடுத்துக் கொள்வோம். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஐந்து பாகையளவில் உள்ள ஊர் அது. நண்பகற் கதிரவன் ஏறத்தாழ உச்சியிலேயே நிற்பதால், வீட்டின் உறுப்புகளுள் மிகுந்த வெயிலைத் தாங்குவது கூரை. தாமான்களில் உள்ள வரிசை வீட்டுக்கு இருபுறச் சுவர்களும் அண்டை வீட்டாரோடு பொது. காற்று முன்னும் பின்னுமே புக வேண்டும். பின்கட்டைச் சமையலறைக்காக நீட்டிக் கட்டிவிட்டால் அவ்வழியும் அடைபட்டது. பகலெல்லாம் ஓடும் சுவரும் உண்ட வெப்பத்தை இரவில் உமிழ்கின்றன. இரவு பத்து மணிக்கு ஓடத் தொடங்கும் குளிர்சாதனம் போராடுவது பெரும்பாலும் அன்றைய பகல் வெப்பத்தோடுதான்.

எதிர்க்கரையிலுள்ள ஜோர்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளைக் கட்டியோர் இதனை அறிந்திருந்தனர். உயர்ந்த கூரை, வெயில் சுவரில் படாதவாறு காக்கும் ஐந்தடிப் பாதை, வீட்டின் நடுவே வானம் பார்த்த முற்றம் ஆகியன சூடான காற்று மேலெழுந்து வெளியேற வழி செய்தன. நம் தமிழகத்து முற்றவீடுகளும் இதே முறையின.

இன்றைய வீட்டில் முற்றம் திறக்க இயலாது. ஆனால் ஓட்டின் அடியில் அலுமினியத் தகடும் பாறைப்பஞ்சும் விரிக்கலாம். கூரையின் உச்சியில் சூடான காற்று வெளியேறத் துளை வைக்கலாம். மேற்குச் சன்னலுக்கு வெளியே நிழல்தட்டி அமைக்கலாம். திரைச்சீலை உள்ளே இருப்பதால், வெயில் கண்ணாடியைக் கடந்த பின்னரே அது தடுக்கிறது. நிழல்தட்டியோ வெளியிலேயே நிறுத்திவிடுகிறது. குடியிருப்புக் கட்டடங்களின் ஆற்றல் சிக்கனத்துக்கு மலேசியாவில் 2017 முதல் தனித்தரம் ஒன்று இருக்கின்றது. 2025 ஜனவரியில் நடப்புக்கு வந்த ஆற்றல் திறன் பாதுகாப்புச் சட்டம் பெருநுகர்வோர், பெருங்கட்டடங்கள், மின்பொருள்கள் ஆகியவற்றை நோக்கியது. வாழ்ந்து கொண்டிருக்கும் பழைய வரிசை வீட்டின் கூரைக்குக் கழிவு தரும் விதியோ இவற்றுள் எதிலும் இல்லை. அமெரிக்கச் சட்டத்தின் மற்றக் குறைகள் எவையாயினும், 1978 ஆம் ஆண்டிலேயே அது முதலில் கை வைத்தது பொறியில் மட்டுமன்று, கூரையிலும் சுவரிலுமாகும்.

இனி ‘சேவ்’ போன்றதொரு திட்டம் வருமானால், பாறைப்பஞ்சுக்கும் அதில் இடம் கேட்பதே முறை. அதுவரை, புதிய குளிர்சாதனம் வாங்குவோர் நட்சத்திரத்தை மட்டும் எண்ணிவிட்டுத் திரும்பாமல், அதே ஒட்டுச்சீட்டில் அச்சிட்டிருக்கும் ஆண்டு மின்நுகர்வு யூனிட்டையும் பார்த்து, இரண்டு பொறிகளை அவ்வெண்ணால் ஒப்பிடுக. ஐந்து நட்சத்திரமுள்ள இரண்டரைக் குதிரைத்திறன் பொறி, சிற்றறை ஒன்றுக்கு மூன்று நட்சத்திரமுள்ள ஒரு குதிரைத்திறன் பொறியைவிட மிகுதியாக மின்சாரம் உண்ணக்கூடும்.