96 நொடிக்கு ஒரு தேக்கரண்டி

2024 ஏப்ரல் முதல் வாரத்தில் பெங்களூரு மருத்துவக் கல்லூரி விடுதியைச் சேர்ந்த 47 மாணவர்கள் வயிற்றுப்போக்கு, நீரிழப்புடன் விக்டோரியா மருத்துவமனையில் சேர்ந்தனர். முந்தைய மாதம் கர்நாடக முதல்வர் சித்தராமையா தந்த கணக்கின்படி, நகரின் தண்ணீர்த் தேவை நாளொன்றுக்கு 260 கோடி லிட்டர். காவிரி தந்தது 147 கோடி. ஆழ்துளைக் கிணறுகள் 65 கோடி. பற்றாக்குறை 48 கோடி லிட்டர், அதாவது சுமார் 18 சதவீதம். இவ்விரு செய்திகளையும் முடிச்சுப்போட இந்த எண்கள் மட்டும் போதாது.

வயிறு கெட்டால் பழி முந்தின வேளைச் சாப்பாட்டின் மீது விழும். ஆனால் நோரோ வைரஸ் உடலில் நுழைந்து அறிகுறி காட்ட 12 முதல் 48 மணி நேரம் ஆகும். திடீர் வாந்தி, வயிற்றுவலி, பேதி 1 முதல் 3 நாள் நீடிக்கும். ரோட்டா வைரஸுக்குச் சுமார் 48 மணி நேரம். காய்ச்சல், வாந்தியுடன் தண்ணீர்ப் பேதி 3 முதல் 8 நாள். 24 மணி நேரத்தில் 3 முறையோ அதற்கு மேலோ நீராகப் போனாலே அது வயிற்றுப்போக்கு. மலத்தில் ரத்தம் கலந்தால் பாக்டீரியாவைச் சந்தேகிக்க வேண்டும்.

ஆபத்தை அளப்பது இழந்த நீர். 10 கிலோ குழந்தைக்கு 5 சதவீத இழப்பு 500 மில்லி. 10 சதவீதம் 1 லிட்டர், அதாவது 200 மில்லி டம்ளரில் 5. கண் குழிவதும் அழுதால் கண்ணீர் வராததும் முதல் எச்சரிக்கை. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் பழைய நிலைக்குத் திரும்ப 2 நொடிக்கு மேல் ஆனால், இழப்பு கடுமையானது.

இந்த இழப்பை ஈடுகட்டும் ஓஆர்எஸ் (வாய்வழி நீரேற்று உப்பு) பொட்டலத்தின் எடை 20.5 கிராம்: குளுக்கோஸ் 13.5, சோடியம் சிட்ரேட் 2.9, உப்பு 2.6, பொட்டாசியம் குளோரைடு 1.5. கரைக்க வேண்டியது 1 லிட்டரில். ஒரு டம்ளரில் கரைத்தால் செறிவு 5 மடங்கு. மிதமான நீரிழப்புக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு, 4 மணி நேரத்தில் கிலோவுக்கு 75 மில்லி. 10 கிலோ குழந்தைக்கு 750 மில்லி, 5 மில்லி தேக்கரண்டியில் 150. கணக்குப்படி 96 நொடிக்கு ஒன்று. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, மெதுவாகத் தொடரலாம்.

ரோட்டா தடுப்புச் சொட்டு மருந்து குழந்தைகளுக்கு 6, 10, 14 வார வயதில் தரப்படுகிறது. நாட்டில் 2016இல் தொடங்கிய திட்டம் கர்நாடகத்துக்கு 2019இல் வந்தது. டெல்லி, புனே, வேலூரில் 6,799 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் ரோட்டாவேக் மருந்து கடுமையான ரோட்டா பேதியைச் சுமார் 55 சதவீதம் குறைத்தது. மீதி 45 சதவீதத்துக்குப் பொட்டலம்தான் துணை.

1971இல் மேற்கு வங்கத்தின் பன்கான் அகதி முகாமில் மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் இத்தகைய கரைசலைக் கொடுத்தபோது, காலரா இறப்பு 30 சதவீதத்திலிருந்து 3.6 சதவீதமாகக் குறைந்தது. கிருமி எதுவானாலும் முதலில் ஈடுகட்ட வேண்டியது நீரை. 6 மணி நேரமாகச் சிறுநீர் போகாத குழந்தைக்கு வீட்டுக் கணக்கு செல்லாது, மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.