படம்பிடித்து அனுப்பினால் மின்னூல் ஆகிவிடுமா?

பெக்கான் நானாஸ் போன்ற சிற்றூர்களில் எஸ்பிஎம் தமிழ் இலக்கியம் பயிலும் மாணவர்களுக்காக, நூற்பக்கங்களைப் படம்பிடித்துப் புலனத்தில் அனுப்பினால் அது மின்னூல் ஆகிவிடாது. அதில் சொல்லைத் தேட முடியாது. எழுத்தைப் பெரிதாக்கினால் வரி கைப்பேசித் திரையைத் தாண்டிவிடும்.

யூனிகோடில் தட்டச்சு செய்த பாடம் வேண்டும். செய்யுளுக்கு அதுவும் போதாது. 'பொற்குடம்' என்றால் திணறும் மாணவருக்கு, 'பொன் + குடம்' எனப் பிரித்துக் காட்டினாலே பொருள் விளங்கிவிடும். மூலம், பதம் பிரித்த வடிவம், அருஞ்சொற்பொருள், ஒலிப்பதிவு என அடுக்கலாம். விளக்கவுரை கடைசியில் வரட்டும். முதலிலேயே கொடுத்தால் பாட்டை யார் படிப்பார்? (கோனார் உரைக் காலத்து நோய் இது!)

பழந்தமிழ்ச் செய்யுள்களின் மூலத்தை, 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தளத்திலிருந்து இலவசமாக எடுத்து, பாடநூலோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். இக்கால நாவல், நாடகங்களுக்கு மட்டும் உரிமையாளரின் அனுமதியைக் கேட்டுப் பெறவேண்டும்.