பிளாஸ்மாத் திரையும் அதன் படக்குறைகளும்

பிளாஸ்மாத் தொலைக்காட்சியைப் புதிதாய் வாங்குங் காலம் கழிந்துவிட்டது. பனசோனிக் நிறுவனம் 2013 ஆம் ஆண்டின் இறுதியில் அதன் உற்பத்தியை நிறுத்திற்று. சாம்சங், எல்ஜி ஆகியனவும் 2014 ஆம் ஆண்டிற் கைவிட்டன. எனினும், கருமையின் ஆழம், அசைவின் தெளிவு என்னும் இரண்டின் பொருட்டு அதனை விரும்புவோர் இன்றும் உளர். அவர்க்குக் கிடைப்பது பிறர் பயன்படுத்திய பெட்டியே. அத்தகைய பெட்டியைக் கொள்ளுமுன் அதன் படத்திற் காணுங் குறை எத்தன்மையதெனப் பிரித்தறிதல் வேண்டும். குறைகளுட் சில கருவியின் இயல்பு. சில தாமே நீங்குவன. சிலவோ எவ்வாற்றானும் நீங்காதன.

இத்திரையின் முதல் வடிவத்தை 1964 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் பிட்சர், சுலொட்டோ, வில்சன் என்னும் மூவர் ஆக்கினர். இன்றைய வண்ணத் திரையில் இரு கண்ணாடித் தட்டுகளுக்கிடையே இலட்சக்கணக்கான நுண்கலங்கள் உள. அவற்றுள் நியோன், செனன் ஆகிய வாயுக்கள் அடைக்கப்பட்டுள்ளன. மின்னழுத்தங் கொடுக்குங்கால் வாயுவில் மின்னிறக்கம் நிகழ்ந்து ஊதாக்கடந்த கதிர் தோன்றும். அக்கதிர் கலத்தினுட் பூசப்பட்ட சிவப்பு, பச்சை, நீல ஒளிர்பொருள்களைத் தாக்க, அவை ஒளிரும். கலமொன்று எரியும், அன்றேல் அணைந்திருக்கும், இடைநிலை அதற்கில்லை. எனவே ஒளியின் கூடுதல் குறைவு யாவும் அது எத்தனை முறை எரிகின்றது என்பதைப் பொறுத்தன.

இதனாலேயே, நகரும் முகமொன்றின் கன்னத்திற் படவரைகோடுகள் போன்ற வளையங்கள் சிலவேளை தோன்றும். பச்சை ஒளிர்பொருள் நீலத்தினும் மெல்ல அணைவதால், கரும்பின்னணியில் விரையும் வெண்பொருளின் பின்னே மஞ்சள் சார்ந்த வால் தெரியும். நொடிக்கு 50 புலங் கொண்ட ஒளிபரப்பிலே, இலங்கையினது அத்தகையதே, வெண்பரப்புத் துடித்தலும் உண்டு. திரை முழுதும் வெண்மையாகுங்கால் ஒளி மங்குதல், மின்செலவைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடன்றிப் பழுதன்று. இவற்றைப் பொறாத கண்ணினர் வேறு பெட்டியை நாடுதலே தக்கது; பழுதுபார்ப்போரால் ஆவதொன்றுமில்லை.

பெரிதும் அஞ்சத்தக்கது எரிவடு ஆகும். செய்தி அலைவரிசையின் சின்னமும் அடியோடும் எழுத்துப்பட்டியும் ஒரே இடத்திற் பல மணி நிற்குமாயின், அவ்விடத்து ஒளிர்பொருள் ஏனைய இடத்தினும் மிகுதியாய்த் தேய்கின்றது. அத்தேய்வே நிழலுருவாய் நிலைத்துவிடும். இதனை ஒத்துத் தோன்றுவது படத்தேக்கம். அஃது அசையும் படத்தைச் சிறிது நேரம் ஓடவிட மறையும். விற்போர் எரிவடுவையும் தேக்கமென்றே கூறுவர். ஆதலால் சொல்லை நம்பாது சோதித்தல் நன்று. வெண்மை, சாம்பல், சிவப்பு, பச்சை, நீலம், கருமை ஆகிய தனிநிறப் படங்களைப் பென் டிரைவ் ஒன்றிற் கொண்டுசென்று ஒவ்வொன்றாய்த் திரை நிறையக் காட்டுக. சாம்பலில் நிழல் தெரியின், அரைமணி நேரம் அசையும் படம் ஓட்டி, மீண்டுஞ் சாம்பலை நோக்குக. மங்காதது எரிவடு. ஒளிமிக்க கடையில் வண்ண மீன்கள் நீந்தும் படத்தை மட்டுங் கண்டு திரும்புவோர்க்கு இது புலப்படாது; அப்படத்தைத் தெரிந்து வைத்தவர் நோக்கமும் பெரும்பாலும் அதுவே.

கருமையை விளக்கணைத்த அறையிற் பார்த்தல் வேண்டும். கலங்கள் எரிய ஆயத்தமாயிருத்தற்பொருட்டு இருளிலும் சிறு மின்னிறக்கம் நிகழ்வதால் மெல்லிய சாம்பலொளி இயல்பே. ஆனால் சிலவகைப் பெட்டிகளில் பயன்பாட்டு மணி ஏற ஏற அவ்வொளி கூடியதென்பது உரிமையாளர் பலரின் முறைப்பாடு. இருளிடையே செந்நிறப் புள்ளிகள் மின்னிமறையின், மின்னழுத்தம் பிறழ்ந்துள்ளதென ஐயுறலாம். அது சிலவேளை திருத்தத்தக்கது. மேலிருந்து கீழாக ஓடும் மாறாக்கோடோ பெரும்பாலும் திரைப்பலகையோடு ஒட்டிய இணைப்பின் பழுது. பலகையையே மாற்ற நேரும், புதுப்பலகையோ இப்போது ஆக்கப்படுவதில்லை.

பெட்டி குளிர்ந்திருக்கையில் இயக்கி, சூடேறியபின் மீண்டும் பார்க்க. குளிரில் மட்டுந் தோன்றி மறையும் பழுதுகள் உள. வாங்குவோன் வருமுன்னரே சூடேற்றி வைக்கப்பட்ட பெட்டியை ஒரு மணி நேரம் அணைத்துவைக்குமாறு கேட்டல் தவறன்று.