மத்திய தரைக்கடல் தீவுகள் – 7: கோஸோவில் இரண்டு இரவு

சென்ற வாரம் சிசிலியில் இருந்தோம். அங்கிருந்து தெற்கே கடலைத் தாண்டினால் மால்டா. மால்டாவுக்கு வடமேற்கே, கூப்பிடு தூரத்தில் என்றே சொல்லலாம், கோஸோ. நீளம் 14 கிலோமீட்டர், அகலம் 7. வரைபடத்தைப் பார்த்ததும் யாருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: 'இத்தனூண்டு தீவு, காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம்.' மால்டாவில் விற்கும் ஒருநாள் சுற்றுலாக்களும் இந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன. ஆனால் மூன்று நாள் லீவு கிடைத்தால் இரண்டு இரவையும் கோஸோவிலேயே கழியுங்கள். இதை வற்புறுத்திச் சொல்கிறேன்.

காலையில் வந்து இறங்கும் கூட்டம் எல்லா இடத்தையும் ஒரே வரிசையில், ஒரே நேரத்தில் பார்க்கிறது. மேற்குக் கரையில் இருக்கும் ட்வேராவையே எடுத்துக்கொள்ளுங்கள். கடலுக்குள் கல் வாசல்போல் நின்ற 'அஸூர் விண்டோ' என்ற பாறை வளைவுக்காகப் பிரபலமான இடம். 2017 மார்ச் 8 அன்று புயலில் அது மொத்தமாகச் சரிந்து விழுந்துவிட்டது. பஸ்கள் இன்றும் வருகின்றன. வளைவு இருந்த திசையைப் பார்த்து ஒரு படம் எடுத்துக்கொண்டு பலர் கிளம்பிவிடுகிறார்கள். அதே இடத்தில் பாறைக் குகை வழியாகக் கடலோடு இணைந்த ஒரு குளம் உண்டு. மீனவர்கள் சின்னப் படகில் அந்தக் குகைக்குள் அழைத்துப்போய் மறுபுறம் திறந்த கடலைக் காட்டுவார்கள். சற்றுத் தள்ளி, செங்குத்தாக ஒரு பாறைத் தீவு. அதில் முளைத்த செடியை மாமருந்து என்று நம்பி, மால்டாவை ஆண்ட செயின்ட் ஜான் வீரர்கள் அந்தப் பாறைக்குக் காவல் போட்டார்கள். கூட்டம் கலைந்த மாலையில் இங்கே வர வேண்டும். அதற்குத் தீவில் உங்களுக்கு ஒரு படுக்கை இருந்தாக வேண்டும்.

தலைநகர் விக்டோரியாவின் கோட்டைக்கும் மாலையே நல்லது. 1551-ல் ஒட்டோமான் தளபதிகள் துர்குத் ரெயிஸும் சினான் பாஷாவும் நடத்திய படையெடுப்பில் இந்தக் கோட்டை வீழ்ந்தது. தீவில் இருந்தவர்களில் ஏறக்குறைய அனைவரும், சுமார் 5,000 பேர், அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். அதன் பிறகு மெல்ல மெல்லக் குடியேறியவர்கள் பகலில் வயலில் உழைத்துவிட்டு இரவில் கோட்டைக்குள் வந்துதான் படுக்க வேண்டும் என்று சட்டமே இருந்தது, 1637 வரை. மதில்மேல் ஏறி நின்றால் நாலாபுறமும் கடல் தெரிகிறது. எந்தப் பக்கம் பாய்மரம் தெரிந்தாலும் ஓடிவரக்கூடிய தூரத்தில்தான் வயல்கள் இருக்கின்றன. அந்தச் சட்டம் ஏன் வந்தது என்று அங்கே நின்று பார்த்தால் சொல்லாமலே விளங்கும்.

ஷாராவில் இருக்கும் ஜிகன்தியா கோயில்கள் கி.மு. 3600 வாக்கில் எழுந்தவை. எகிப்தின் கீஸா பிரமிடுகளை விட ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு மூத்தவை. இதற்கு ஒரு காலை ஒதுக்குங்கள்; திறந்ததும் நுழைந்துவிடுவது உத்தமம்.

நான் அதிக நேரம் நிற்கச் சொல்வது வடக்கே, மார்சல்ஃபோர்னைத் தாண்டி ஷ்வேய்னி உப்பளத்தில். கடலோரச் சுண்ணாம்புப் பாறையிலேயே சதுரம் சதுரமாகப் பாத்தி வெட்டியிருக்கிறார்கள். அடியில் மண்ணே கிடையாது. பாறைதான் தளம், பாறைதான் வரப்பு. கோடையில் கடல்நீரை நிரப்பி வெயிலில் காயவிட்டு, படிந்த உப்பைத் துடைப்பத்தால் கூட்டி ஓரத்தில் குவிக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகச் சில குடும்பங்கள் இந்தத் தொழிலை விடாமல் செய்கின்றன. சாலையோரம் பாறையைக் குடைந்த அறையே உப்புக் கிடங்கு. அங்கேயே வாங்கலாம், வாங்குங்கள். பாத்தி வரப்புகளில் மட்டும் ஏறி நடக்காதீர்கள்; செருப்பு மண் விழுந்தால் அவர்களின் உழைப்பு வீண்.

இனி ஏற்பாடுகள். ஜெர்மனியிலோ பிரான்ஸிலோ வேலை பார்க்கும் நம்மவர்கள் குடியிருப்பு அனுமதியோடு தனி விசா இல்லாமல் போகலாம். மால்டா 2007 முதல் ஷெங்கனில் இருக்கிறது. லண்டனில் இந்தியப் பாஸ்போர்ட்டுடன் இருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை, அதற்கு முன்கூட்டியே நேரம் வாங்க வேண்டும். ஏப்ரல், மே அல்லது அக்டோபர் தோதான மாதங்கள். ஆகஸ்ட் 15 மாதா திருவிழா வாரத்தில் மால்டாக்காரர்களே கோஸோவுக்குத் திரண்டு வருவார்கள். அறை கிடைப்பது குதிரைக்கொம்பு.

விக்டோரியாவில் தங்கினால் பஸ்ஸே போதும், ஏனென்றால் பெரும்பாலான தடங்கள் அங்கிருந்துதான் பிரிகின்றன. கிராமத்துப் பண்ணை வீடு எடுத்தால் கார் வேண்டும். இடதுபக்கம் ஓட்டும் நாடு, நம் கை பழகியதுதான். சைவர்களுக்கு பிகில்லா என்ற அவரை மசியல் எங்கும் கிடைக்கும், பூண்டும் காரமுமாக நாக்குக்கு ஒத்துவரும். ஆட்டுப்பால் பாலாடைக் கட்டியும் உண்டு.

எந்த நாள் எந்தக் கடற்கரை என்று முன்பே எழுதி வைக்காதீர்கள், காலையில் காற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வடமேற்கிலிருந்து மஜ்ஜிஸ்ட்ரால் காற்று வீசினால் வடகரையில் இருக்கும் செம்மணல் ரம்லாவில் அலை கொந்தளிக்கும். அன்றைக்குத் தென்கிழக்கே, குறுகிய பள்ளத்தாக்குக்குள் ஒடுங்கிய இம்ஜார் இஷ்-ஷீனிக்குப் போங்கள்.

மால்டாவின் சிர்க்கெவ்வா துறையிலிருந்து கோஸோவின் இம்ஜார் துறைக்குக் கார் ஏற்றும் கப்பல் 25 நிமிடம், இரவிலும் ஓடுகிறது. போகும்போது காசு கேட்க மாட்டார்கள், திரும்பும்போது இம்ஜாரில் வாங்குவார்கள். வலேட்டாவிலிருந்து 2021-ல் தொடங்கிய விரைவுப் படகு முக்கால் மணி நேரத்தில் சேர்க்கும். ஆனால் கடல் கொஞ்சம் பொங்கினாலும் முதலில் நிற்பது அதுதான். ஊர் திரும்பும் விமானத்தைப் பிற்பகலுக்கு வையுங்கள். சிர்க்கெவ்வாவிலிருந்து விமான நிலையத்துக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மால்டாவின் வடகோடியிலிருந்து தென்பக்கத்துக்கு, வழியெல்லாம் நெரிசல்.