கொலஸ்ட்ரால் மாத்திரை: போடலாமா, தள்ளிப்போடலாமா?



ஆபீஸ்ல ஹெல்த் செக்கப். வயசு 31, எல்டிஎல் 172. டாக்டர் "மாத்திரை ஆரம்பிக்கலாமா?"ன்னு கேட்கிறார். உங்களுக்கு ரெண்டு பயம்: ஆயுசுக்கும் போடணுமே, இன்சூரன்ஸ் பிரீமியம் ஏறிடுமே. "அப்புறம் பார்க்கலாம் சார்"னு எழுந்து வந்துடறீங்க.

இன்சூரன்ஸுக்காகத் தள்ளிப்போடாதீங்க

மாத்திரை போடலன்னா படிவத்துல சொல்ல வேண்டாம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அது தப்பு. ஐஆர்டிஏஐ விதிப்படி, பாலிசிக்கு முந்தைய 36 மாசத்துல டாக்டர் கண்டுபிடிச்சாலே, சிகிச்சை எடுக்கச் சொன்னாலே, அது ஏற்கெனவே இருந்த நோய்தான். நீங்க மாத்திரை வாங்கினீங்களா இல்லையாங்கிறது கணக்கே இல்ல. சொல்லிட்டா, ஹெல்த் பாலிசியில காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாசம். மறைச்சா, க்ளெய்ம் அன்னைக்குக் குடும்பம்தான் ஆஸ்பத்திரி பில்லோட நிக்கும்.

சரி, மாத்திரை வேணுமா?

எல்டிஎல் 190-ஐத் தாண்டினா பெரும்பாலும் மாத்திரைதான். அதுக்குக் கீழே இருந்தா ஒரு எண்ணை மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாது. பிபி, சுகர், சிகரெட் இருக்கா? அப்பாவுக்கு 55 வயசுக்குள்ள, அம்மாவுக்கு 65-க்குள்ள ஹார்ட் அட்டாக் வந்திருக்கா? இதெல்லாம் டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லுங்க. எதுவுமே இல்லன்னா, சாப்பாடு, நடைப்பயிற்சின்னு சில மாசம் பார்த்துட்டு மறுபடி டெஸ்ட் எடுக்கலாமான்னு கேளுங்க.

ஆனா தேதி குறிக்காம தள்ளிப்போடாதீங்க. கொலஸ்ட்ரால் கிரெடிட் கார்டு பாக்கி மாதிரி. வலிக்காது, வருஷக்கணக்கா ரத்தக்குழாய்ல சேர்ந்துக்கிட்டே இருக்கும்.

செலவும் பக்கவிளைவும்

அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் ரெண்டுக்கும் ஜெனரிக் இருக்கு. மக்கள் மருந்தகத்துல விலை இன்னும் குறைவு. ஸ்டென்ட் வைக்கிற செலவோ தனியார் ஆஸ்பத்திரியில லட்சக்கணக்குல போகும்.

சிலருக்குத் தசைவலி வரும், சுகர் லேசா ஏறலாம். அப்போ டாக்டர் டோஸைக் குறைப்பார், மருந்தை மாத்துவார். நீங்களா நிறுத்தினா சில வாரத்துல எல்டிஎல் பழைய இடத்துக்கே வந்துடும். கர்ப்பத்துக்குத் திட்டமிடுற பெண்கள் முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லணும்.

இந்த வாரமே செய்ய வேண்டியது

பழைய ரிப்போர்ட்டையெல்லாம் ஒரே ஃபைல்ல போடுங்க. அப்பா அம்மாகிட்ட குடும்ப வரலாறு கேளுங்க. டாக்டர் அப்பாயின்ட்மென்ட் எடுங்க. பழைய வரிமுறையில இருந்தா, செக்கப் செலவுல 5,000 ரூபாய் வரை வரிக்கழிவாக் காட்டலாம்.

முடிவு டாக்டரும் நீங்களும் எடுக்கறது. பிரீமியம் பயம் மட்டும் அந்த முடிவை எடுக்க வேண்டாம். படிவத்தை எப்படி நிரப்புறதுன்னு வீடியோல பார்ப்போம்!